பள்ளிக்கு வாராத அந்த மூன்று நாள்கள்

(திருமுக்கூடலில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தவர்கள் ஏரி மதகு பற்றியோ சாலை பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கக் கூடும். அவ்விரண்டைப் பற்றியும் உங்களிடம் கேள்விகள் உண்டு என்பதை அறிவேன். கூட்டம் முடிந்த பின் அவற்றிற்கு விடை சொல்லக் காத்திருக்கிறேன். ஆயினும் இந்த அரை மணி நேரத்தை வேறொரு பொருளுக்காகக் கேட்டு வாங்கிக் கொண்டேன். நம் ஊர்களில் பூப்பெய்திய பெண் குழந்தைகள் மாதந்தோறும் இரண்டு மூன்று நாள்கள் பள்ளிக்கு வாராமல் போகிறார்கள். அவ்வாறு வாராத நாள்கள் கூடிக் கூடி, அவர்களுள் சிலர் ஒரு நாள் அடியோடு நின்று விடுகிறார்கள். அதைப் பற்றியதே இன்றைய பேச்சு.

முன்வரிசையில் அமர்ந்துள்ள பெரியவர்கள் சிலர் துண்டைச் சரிசெய்து கொள்வதைப் பார்க்கிறேன். 'இது பெண்கள் தமக்குள் பேசிக் கொள்ள வேண்டியதாயிற்றே, ஆண் அதிகாரி மேடையேறிப் பேசலாமா?' என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பே. ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். பள்ளிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுவதா இல்லையா என்று தீர்மானிப்பது ஊராட்சி. வீட்டில் எதற்குப் பணம் எடுப்பது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் குடும்பத் தலைவர். எட்டாம் வகுப்பு முடித்த மகளை அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் பஸ் ஏற்றி அனுப்புவதா, போதும் என்று நிறுத்துவதா என்று முடிவு செய்பவர் தகப்பனார். முடிவு செய்பவர்களும் ஆண்கள், பேசக் கூடாதவர்களும் ஆண்கள் என்றால் காரியம் எங்ஙனம் நடக்கும்? உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. 2021 அக்டோபரில் நம் மாவட்டத்தில் நடந்த தேர்தலில் அவ்வாறே பெண்கள் பலர் உறுப்பினர்களாக வந்தனர். ஆயினும் ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் இப்பொருளை எழுப்ப அவர்களும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் அவர்கள் குற்றமன்று. எதிரே இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக் கொண்டால் யார்தான் பேசுவார்கள்?

உடல்நலம் பற்றிப் பொதுவில் பேசுவது இவ்வூருக்குப் புதிதன்று என்பதையும் நினைவூட்ட வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற இத்தலத்தில், அப்பன் வேங்கடேசப் பெருமாள் திருக்கோயிற் சுவரில், பதினொன்றாம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வேதம் பயிலும் பள்ளி ஒன்றும், மாணவர் தங்கும் விடுதி ஒன்றும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றும் இங்கே நடந்து வந்த செய்தியை அது சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், மருந்து காய்ச்சிப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவர் என்று ஆட்களையும், அவர்களுக்கு அளக்க வேண்டிய நெல்லையும் கொடுக்க வேண்டிய காசையும், சேர்த்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் அக்கல்வெட்டு ஒன்று விடாமல் கூறுகிறது. மருந்துப் பெயர்களைக் கோயிற் சுவரிலே வெட்டி வைத்த ஊர் இது. மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. 'மருத்துவமனை அமைத்தோம்' என்று ஒரு வரியில் முடித்து விடாமல், யார் எந்த வேலையைச் செய்வது, அவருக்கு எவ்வளவு கூலி என்று வரையறுத்திருக்கிறார்கள். இன்றைய பேச்சிலும் நான் சொல்ல வந்தது பெரும்பாலும் அதுவே.

நிற்க. விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பெண் குழந்தைகள் பெரும்பாலும் 12, 13 வயதில் பூப்பெய்துகிறார்கள். அப்போது அவர்கள் ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ இருப்பார்கள். நம் வட்டாரத்தில் பல ஊர்களில் நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வேற்றூர் செல்ல வேண்டும். ஆகவே உடலில் மாற்றம் வருகின்ற காலமும் பள்ளி மாறுகின்ற காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மாலை ஐந்தரைக்குத் திரும்பும் வரை, ஒன்பதரை மணி நேரம் அக்குழந்தை மாற்று நாப்கினும் தண்ணீரும் மறைவிடமும் இன்றி இருக்க வேண்டுமானால், அன்று வீட்டிலேயே இருந்து விடலாம் என்றுதான் எண்ணும். எந்தத் தாயும் அதற்கு மாறாகச் சொல்ல மாட்டாள்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். இதில் தமிழ்நாட்டு அரசினர் மற்ற மாநிலங்களுக்கு முந்தி விட்டனர் என்று சொல்லலாம். 'புதுயுகம்' என்னும் திட்டத்தை 2011-ஆம் ஆண்டு அறிவித்து, ஊர்ப்புறத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு நாப்கின் விலையின்றி வழங்கத் தொடங்கினர். பள்ளி செல்வோருக்குப் பள்ளியிலும், செல்லாதோருக்கு அங்கன்வாடி, கிராம சுகாதார செவிலியர் வாயிலாகவும் அவை கிடைக்கின்றன. பேறுகாலத் தாய்மாருக்கும் சிறையிலுள்ள பெண்களுக்கும்கூட வழங்க ஏற்பாடாயிற்று. இதன் பயன் கண்கூடு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 24 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 98 பேர் சுகாதாரமான முறையைக் கைக்கொள்வதாகத் தெரிய வந்தது. இந்தியா முழுவதற்கும் அது நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே கூடுதல்.

இந்த 98-ஐக் கேட்டதும் 'பிறகென்ன குறை?' என்று கேட்கத் தோன்றும். கணக்கை இன்னும் ஒரு படி போட்டுப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு 18 பொட்டலம், பொட்டலத்துக்கு 6 நாப்கின் என்பது திட்டத்தின் அளவு. ஆக, ஆண்டுக்கு 108. மாதத்துக்கு 9. ஐந்து நாள், நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு என்று வைத்தால் தேவை மாதத்துக்கு 15 முதல் 20. பாதித் தேவையை அரசினர் கொடுத்து விட்டார்கள், மீதிப் பாதி வீட்டின் பொறுப்பு. ஆண்டுக்கு 72 முதல் 132 நாப்கின் வரை கடையில் வாங்கியாக வேண்டும். ஒன்று 5 ரூபாய் என்றால் 360 ரூபாய் முதல் 660 ரூபாய் வரை ஆகும். இரண்டு பெண்கள் உள்ள வீட்டில், தாய்க்கும் சேர்த்தால், 1,620 ரூபாய் முதல் 2,520 ரூபாய் வரை வரும். விவசாயிகளுக்கு விளங்கும் கணக்கில் சொல்வதானால், 266 ரூபாய் 50 காசு விலையுள்ள யூரியா மூட்டைகள் ஆறிலிருந்து ஒன்பது வரை வாங்கும் பணம். பெரும் தொகையன்று என்பீர்கள். பெரும் தொகையன்றுதான். ஆனால் அதைக் கேட்டு வாங்க வீட்டில் எவருக்கும் வாயில்லை. உரத்துக்குப் பணம் கேட்கத் தயக்கமில்லை, மாத்திரைக்குக் கேட்கத் தயக்கமில்லை, இதற்கு மட்டும் தாய் அரிசிப் பானையில் போட்டு வைத்த சில்லறையைத் தேட வேண்டியிருக்கிறது. அது இல்லாத மாதத்தில் பெண் பழைய துணியை எடுக்கிறாள், அல்லது ஒரே நாப்கினைக் காலை முதல் மாலை வரை வைத்துக் கொள்கிறாள். கணக்கெடுப்பில் அவளும் அந்த 98-இல் ஒருத்தியே.

விலையைக் குறைக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது நாப்கினுக்கு நூற்றுக்கு 12 விதிக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே, 2018 ஜூலையில் அது அடியோடு நீக்கப்பட்டது. மக்கள் மருந்தகங்களில் 'சுவிதா' என்னும் நாப்கின் 2019 ஆகஸ்டு முதல் ஒன்று ஒரு ரூபாய் என்று விற்கப்பட்டு வருகிறது. காஞ்சிபுரத்துக்கோ செங்கற்பட்டுக்கோ வேலையாகப் போகிறவர்கள் விதை, மருந்து வாங்கும்போது இதையும் இரண்டு பொட்டலம் வாங்கி வரலாம். பழைய செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருவார்கள். அப்படித் தர வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னால் இன்னும் நல்லது.

துணியைப் பற்றி ஒரு சொல். நாப்கின் வந்த பின் துணி என்றாலே அழுக்கு என்று நினைக்கத் தொடங்கி விட்டோம். அது சரியன்று. தூய பருத்தித் துணியை மடித்து வைத்து, சோப்பிட்டு அலசி, நல்ல வெயிலில் உலர்த்தி, காய்ந்த இடத்தில் வைத்திருந்தால் அதனால் தீங்கில்லை. தீங்கு துணியில் இல்லை, அதை ஒளித்து உலர்த்துவதில் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில், மாட்டுக் கொட்டகைக் கூரையில், பிற துணிகளுக்குக் கீழே ஈரத்தோடு கிடந்து பூஞ்சை பிடித்த துணியே புண்ணையும் தொற்றையும் கொண்டு வருகிறது. வேட்டி உலரும் கொடியில் அதுவும் உலர இடங் கொடுத்தால் பாதி நோய் தீர்ந்தது.

மலிவான நாப்கினுக்காக உழைத்தவர்களுள் நம் மாநிலத்தவர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் பெரும் படிப்புப் படித்தவரல்லர், பட்டறைத் தொழிலாளியாக இருந்தவர். மனைவி நாப்கின் வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்கப் பணம் இராது என்பதைக் கண்டு, தாமே மலிவாகச் செய்து பார்க்கத் தொடங்கினார். ஊரார் அவரைப் பித்தர் என்றார்கள், குடும்பத்தாரும் சில காலம் விலகிச் சென்றார்கள். பல ஆண்டு முயன்று, மகளிர் சுய உதவிக் குழுக்கள் சிற்றூரிலேயே வைத்து இயக்கக் கூடிய சிறு இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் இயந்திரத்தை வைத்துத் தொழில் செய்த வட நாட்டுச் சிற்றூர்ப் பெண்களைப் பற்றிய குறும்படம் 2019-இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. நம் குழுக்கள் இத்தொழிலைத் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இது: தொடங்கலாம், ஆனால் சந்தையில் விற்கும் கம்பெனிச் சரக்கோடு போட்டியிட வேண்டும் என்பதை மறவாமல் தொடங்குங்கள். வாங்கி இயக்காமல் துணி போர்த்தி வைத்த இயந்திரங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

நாப்கின் கொடுத்து விட்டால் பெண் பள்ளிக்கு வந்து விடுவாளா? இக்கேள்வியை நேர்மையாகக் கேட்க வேண்டும். நேபாளத்தின் சித்வன் பகுதியில் பள்ளிப் பெண்களுக்கு மாதவிலக்குக் காலத்துக்குரிய குப்பிகளைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. பொருள் பயன்பட்டது, துவைக்கும் வேலை குறைந்தது, ஆனால் பள்ளி வருகை கூடவில்லை. மறுபுறம், நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுப் பள்ளிக் கழிப்பறைத் திட்டத்தை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு வேறொன்று சொல்கிறது. சிறு பிள்ளைகளுக்கு எந்தக் கழிப்பறையானாலும் உதவியது. ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் பயன்படுத்தும் கழிப்பறையானாலும் அவர்கள் சேர்க்கை கூடிற்று. ஆனால் பூப்பெய்தும் வயதுப் பெண்களின் சேர்க்கை கூடியது, பெண்களுக்கெனத் தனிக் கழிப்பறை கட்டிய பள்ளிகளில் மட்டுமே. உரமிட்டவன் நீர் பாய்ச்சாவிட்டால் பயிர் என்னவாகும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. நாப்கின் உரம், தண்ணீரும் மறைவும் பாசனம்.

இந்தப் பாசனம் ஊராட்சியின் கையில் இருக்கிறது. இங்கேதான் நான் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

பள்ளிகளைப் பார்வையிடச் செல்லும்போது நான் கணக்கில் 'கழிப்பறை உண்டு' என்று எழுதியிருப்பதைப் படித்து விட்டுத் திரும்பி விடுவதில்லை. கதவைச் சாத்திப் பார்ப்பேன். கதவு உண்டு, உள் தாழ்ப்பாள் இராது. தோழி ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக் கொள்ள வேண்டும். குழாய் உண்டு, திருகினால் காற்று வரும். வாளி உண்டு, குவளை இராது. சில இடங்களில் கழிப்பறை பூட்டியே இருக்கும், சாவி தலைமை ஆசிரியர் அறையில் தொங்கும். பன்னிரண்டு வயதுப் பெண், ஆண் ஆசிரியர் அமர்ந்திருக்கும் அறைக்குள் சென்று சாவி கேட்பாள் என்று எதிர்பார்த்தா பூட்டி வைத்தோம்? பாழாகாமல் காக்கப் பூட்டினோம் என்பார்கள். பயன்படாமல் காத்து என்ன பயன்?

இவற்றிற்கெல்லாம் பெருந்திட்டம் வேண்டியதில்லை. ஒரு தாழ்ப்பாள், இரண்டு கொக்கி, ஆணி, தச்சர் கூலி எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். தண்ணீர்தான் பெரிய காரியம். பள்ளித் தொட்டிக்கு நீர் வருவது ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து. டேங்க் ஆபரேட்டர் என்று நாம் அழைப்பவர் காலை ஆறு மணிக்குத் தெருக்களுக்குத் திறக்கும்போதே பள்ளிக்கும் திறந்து விடுகிறார். பள்ளித் தொட்டியில் மிதவை பழுதாகியிருந்தால் நீர் வழிந்து போகும், கசிந்தால் முற்பகலுக்குள் வற்றிப் போகும். பெண்களுக்குத் தண்ணீர் வேண்டியது பகல் ஒரு மணிக்கு. பள்ளிக்கென்று காலை ஒன்பதரைக்கும் பகல் பன்னிரண்டரைக்கும் தனியே கால் மணி நேரம் திறந்து விட ஊராட்சித் தலைவர் வாய்மொழியாகச் சொன்னாலே போதும், ஒரு காசு செலவில்லை.

பள்ளிக் கழிப்பறையைத் தூய்மை செய்யும் பணியாளருக்குக் கூலி ஊரக வளர்ச்சித் துறை வழியாக வருகிறது. அவர் வருகிறாரா என்று பார்க்க வேண்டியவர்களும் நாமே. கூலி குறைவு, வேலை அருவருப்பானது, எனவே ஆள் நிலைப்பதில்லை என்பது உண்மை. கையுறை, மண்வெட்டி, பினாயில், மரியாதை நான்கும் கொடுக்கும் ஊர்களில் ஆள் நிலைக்கிறார். நான்காவதற்குப் பட்டியலில் தொகை ஒதுக்கப்படவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பயன்படுத்திய நாப்கினை எங்கே போடுவது? இக்கேள்விக்கு விடையில்லாத பள்ளியில் பெண் அதை மாற்றாமலே வீடு திரும்புகிறாள், அல்லது கழிப்பறைக் குழியில் போட்டு விடுகிறாள். பிறகு அடைப்பு, பூட்டு, சாவி என்று பழைய கதை. கடை நாப்கினில் பெரும்பகுதி பிளாஸ்டிக். ஏரிக்கரையில் எறிந்தால் மக்காது, குப்பை மேட்டில் கொளுத்தினால் நச்சுப் புகை. காகிதத்தில் பொதிந்து தனியே கொடுக்க வேண்டும் என்றும், பொதி உறையைக் கம்பெனிகளே தர வேண்டும் என்றும் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கூறின. உறை வந்து சேரும் வரை காத்திராமல், கழிப்பறைக்குள்ளேயே மூடியுள்ள சிறு தொட்டியும், பழைய காகிதம் கொஞ்சமும் வைத்து விடுங்கள். நாள்தோறும் தூய்மைக் காவலர் அதைத் தனியே எடுத்துச் செல்லட்டும். எரியூட்டும் இயந்திரம் வாங்குவதாயின், போதிய வெப்பம் ஏறுகிறதா, புகைபோக்கி உயரமாக இருக்கிறதா, மின் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அரைகுறையாகக் கருக்கும் இயந்திரத்தைவிட மூடியுள்ள தொட்டி மேல்.

பணம்? ஊராட்சிப் பொது நிதி இருக்கிறது, மாநில நிதிக் குழு மானியம் இருக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக் குழு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. பள்ளிக் கழிப்பறைக்கு நீர்க் குழாய் போடுவது அதற்கு அயலான வேலையன்று.

இனி, தாழ்ப்பாளும் தண்ணீரும் தீர்க்க முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவில், பட்டுக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், பூப்பெய்தியமையால் வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் உறங்க வைக்கப்பட்ட பள்ளிச் சிறுமி மீது தென்னை மரம் விழுந்து அவள் இறந்தாள். புயல் வருமென்று அரசினர் எச்சரித்திருந்தனர். அவளை உள்ளே அழைக்கப் பெற்றோருக்கு அன்பில்லாமல் இல்லை, 'தீட்டு' என்ற ஒரு சொல் குறுக்கே நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில், திருநெல்வேலி மாவட்டத்தில், உடையில் பட்ட கறைக்காக வகுப்பில் தலைகுனிய நேர்ந்த 12 வயதுக் குழந்தை உயிர் துறந்த செய்தி வந்தது. 2025 ஏப்ரலில், கோயம்புத்தூர் மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பு மாணவி மாதவிலக்காயிருந்தமையால் வகுப்பறைக்கு வெளியே படியில் அமர்ந்து தேர்வு எழுதினாள். பள்ளி முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வீடு, அரசு, படிப்பு எல்லாம் உள்ள மாநிலத்தில் நடந்தவை இவை.

நம் ஊர்களில் குடிசை கட்டும் வழக்கம் அருகி விட்டது. ஆயினும் மஞ்சள் நீராட்டுக்கு ஒன்பது நாள், பதினொரு நாள், சில வீடுகளில் பதினாறு நாள் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. விழாவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாய்மாமன் சீர் கொண்டு வருவதும் உறவினர் கூடுவதும் நல்லவையே. ஆனால் வீதிமுனையில் பெண்ணின் படத்தோடு பேனர் கட்டி ஊருக்கெல்லாம் அறிவிக்கிறோம். மறு மாதம் முதல் அதே செய்தியை மூச்சு விடக் கூடாது என்கிறோம். அக்குழந்தை எதை உண்மையென்று கொள்ளும்? விழாவை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக் கொண்டு, இடையே உள்ள நாள்களில் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பலாம். தாய்மாமன்மார் சீர்த் தட்டுகளுள் ஒன்றில் ஓராண்டுக்கு வேண்டிய நாப்கினை வைத்துக் கொண்டு வந்தால் என்ன என்று நண்பர் ஒருவரிடம் கேட்டேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

படிப்பு நின்ற பெண் வீட்டில் சும்மா இருப்பதில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் கோர்வைச் சேலைக்கு ஓரம் கோக்க இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இடத்தில் காலங்காலமாகச் சிறுவர் சிறுமியரையே உட்கார வைத்து வந்தோம். தார் சுற்றவும் ஆள் வேண்டும். வயல் பக்கத்தில் நாற்று நடவும் களை எடுக்கவும் ஆள் வேண்டும். 'பள்ளிக்குத்தான் போகவில்லையே' என்ற சொல் வந்ததும் வேலை தானே அவளைத் தேடி வரும், அடுத்தபடி மாப்பிள்ளையும் தேடி வருவார். 18 வயதுக்கு முன் மணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அறிந்த அளவுக்கு 1098 என்ற தொலைபேசி எண்ணையும் அறிந்திருக்க வேண்டும். கணக்குப் பார்த்தாலும் நட்டமே. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக் கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம், புதுமைப் பெண் என்ற பெயரால், 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்பில் நின்றவளுக்கு அது எட்டாக் கனி.

இரத்தசோகையைப் பற்றி இரண்டு வரி. தமிழ்நாட்டு வளரிளம் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று அதே கணக்கெடுப்பு கூறிற்று. வாரந்தோறும் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கச் சொல்லுங்கள், வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், பிறகு தூக்கி எறிவார்கள். கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நம் வீட்டிலேயே உண்டு. ஏழு நாளுக்கு மேல் போக்கு நீடித்தாலோ, எழுந்திருக்க முடியாத வலி இருந்தாலோ, 'கல்யாணமானால் சரியாகி விடும்' என்று சொல்லாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கவலையன்று. கென்யாவில் 2017-இல் பள்ளிப் பெண்களுக்கு விலையின்றி நாப்கின் வழங்கச் சட்டமே செய்தனர். ஸ்காட்லாந்து செல்வ நாடு. அங்கும் 2020-இல் சட்டம் இயற்றி, 2022 முதல் வேண்டுவோர்க்கெல்லாம் இலவசமாகக் கிடைக்கச் செய்தனர். அண்டை நாடான இலங்கை பொருளாதார நெருக்கடியால் விலை ஏறித் தவித்த பின், 2024-இல் பள்ளி மாணவியருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2023 ஏப்ரலில், பள்ளிப் பெண்களுக்கான மாதவிலக்குச் சுகாதாரத்துக்கு நாடெங்கும் ஒரே கொள்கை வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. பசி பள்ளிக்குத் தடை என்று கண்டு 1956-இல் மதிய உணவையும், 1982-இல் சத்துணவையும் கொண்டு வந்த மாநிலம் நம்முடையது. அப்போதும் 'சோறு போடுவது பள்ளியின் வேலையா?' என்று கேட்டவர்கள் உண்டு.

இப்போது நான் உங்களிடம் கேட்பது என்னவென்று சொல்லி விடுகிறேன். ஆண்டில் ஆறு நாள், அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்துக்கு முன், ஒவ்வோர் ஊராட்சியிலும் பெண் உறுப்பினர் இருவரும், மகளிர் குழுவினர் ஒருவரும், சுகாதார செவிலியரும் பள்ளிக்கு ஒரு முறை போய் வர வேண்டும். பகல் ஒரு மணிக்குப் போங்கள், காலையில் போனால் எல்லாம் சரியாக இருக்கும். தாழ்ப்பாள், தண்ணீர், குவளை, மூடியுள்ள தொட்டி, சாவி யாரிடம் இருக்கிறது என்ற ஐந்தையும் பார்த்து எழுதிக் கொள்ளுங்கள். ஆசிரியையிடம், வருகைப் பதிவேட்டில் மாதந்தோறும் இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு வாராத பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் கேளுங்கள், பெயர் கேட்க வேண்டாம். எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதில் சேராதவர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். கோடை விடுமுறையில் நாப்கின் அங்கன்வாடியில் கிடைக்கிறதா என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேளுங்கள். பள்ளி மூடியிருக்கும் மே மாதத்தில் வழங்கல் விட்டுப் போவது எளிது.

பார்த்ததை ஒரே தாளில் எழுதிக் கிராம சபையில் படிக்க வேண்டும். உறுப்பினர் படிக்கக் கூச்சப்பட்டால் ஊராட்சிச் செயலர் படிக்கட்டும். தீர்மானத்தின் நகலோடு, தச்சரிடமும் குழாய்ப் பணியாளரிடமும் பெற்ற மதிப்பீட்டையும் இணைத்து ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். பொறியாளரை ஒரு வாரத்துக்குள் நேரில் பார்க்க அனுப்புகிறேன். தாழ்ப்பாளுக்கும் குவளைக்கும் என் ஒப்புதல் வேண்டியதில்லை, ஊராட்சித் தலைவரே வாங்கிக் கொடுக்கலாம். இன்று மாலை கடை திறந்திருக்கும்.

ஏரி மதகு பற்றிய கேள்விகளை இனிக் கேட்கலாம்.